நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி: ஊற்று நீரோடு வெளிவந்த வரலாறு

கடலூர் மாவட்டத்தில், கெடிலம் ஆற்றுக்கும் வெள்ளாற்றுக்கும் இடைப்பட்ட செம்மண் மேட்டின் அடியில் பழுப்பு நிலக்கரிப் படுகை ஒன்று கிடக்கிறது. தமிழ்நாட்டின் முதல் பெரிய சுரங்கமும் அதை ஒட்டிய அனல் மின் நிலையமும் இந்தப் படுகையை நம்பியே உருவாயின. இதன் வரலாற்றைச் சொல்லும்போது ஒரு நிலக்கிழாரின் கிணற்றில் தொடங்கி, நேரு திறந்து வைத்த விழாவில் முடித்துவிடுவது வழக்கம். ஆனால் அந்தக் கிணற்றில் கரியை மேலே கொண்டு வந்தது எது என்ற கேள்வியைக் கேட்டால் கதை வேறு விதமாக விரிகிறது. கொண்டு வந்தது நீர். பிறகு சுரங்கம் தோண்டப் பெருந்தடையாக நின்றதும் அதே நீர். இன்று கடலூர், சிதம்பரம் பகுதி உழவர்கள் கவலைப்படுவதும் அந்த நீரைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும்தான்.

கடலூர் மணற்கல்

கடலூர் நகரிலிருந்து மேற்கே பார்த்தால் தட்டையான சிவந்த மேடு ஒன்று தெரியும். உள்ளூரில் கேப்பர் மலை என்பார்கள். மலை என்பது சற்று மிகைதான். மத்திய சிறைச்சாலை இருக்கும் இடம் என்று சொன்னால் பலருக்கும் விளங்கும். பாரதியார் 1918இல் சில வாரங்கள் கடலூரில் சிறைவைக்கப்பட்டிருந்தார். திருவந்திபுரம் கோயிலை ஒட்டிய குன்றும் இதே மேட்டின் பகுதி. இந்தச் சிவப்புப் பாறைக்கு நிலவியலாளர்கள் வைத்த பெயர் கடலூர் மணற்கல். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எச். எஃப். பிளான்ஃபோர்டு 1860களில் தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டப் பாறைகளை ஆராய்ந்து எழுதியதிலிருந்து இப்பெயர் நிலவியல் நூல்களில் நிலைத்துவிட்டது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் செழிப்பது இந்தப் பாறை மட்கிய செம்மண்ணில்தான்.

மணற்கல் என்று பெயர் இருந்தாலும் அது ஒரே கல் அல்ல. மணல், கூழாங்கல், களிமண், வெள்ளைக் களிமண், இடையிடையே இரும்புச்சத்து ஏறிய கெட்டியான பாறை என்று மாறி மாறி அடுக்கப்பட்ட தொகுதி. பழைய ஆறுகள் கடலை நோக்கிக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் இது. பெரும்பாலோர் இதை மயோசீன் காலத்தது என்பர், அதாவது ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. கரிக்குள் சிக்கிய மகரந்தத் துகள்களை ஆராய்ந்தவர்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. சிலர் இன்னும் பழையது என்கிறார்கள்.

அக்காலத்தில் இங்கே காடு இருந்தது என்பதற்குச் சான்று தேட நெய்வேலிக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்லாகிப் போன பெருமரங்கள் இதே கடலூர் மணற்கல்லில்தான் கிடக்கின்றன. 1781இலேயே பிரெஞ்சு இயற்கையாய்வாளர் சொன்னரா இவற்றைக் குறிப்பிட்டிருக்கிறார். திருவக்கரையில் மரம் கல்லானது. நெய்வேலியில் மரம் கரியானது. ஏன் இந்த வேறுபாடு? ஆற்று மணலில் புதைந்த மரத்தின் ஊடே சிலிக்கா கரைந்த நீர் ஓடிக்கொண்டே இருந்தால், மரத்தின் ஒவ்வொரு நுண்ணறையையும் சிலிக்கா நிரப்பிவிடும். நீர் ஓடாமல் தேங்கிய சதுப்பில் விழுந்த மரமும் இலையும் காற்றுப் படாமல் மக்கி, மேலே விழுந்த வண்டலின் சுமையால் அழுந்திக் கரியாகும். ஓடும் நீரும் தேங்கிய நீரும் செய்த இரு வேறு வேலைகள் இவை.

நெய்வேலியில் அந்தக் கரிப்படிவத்தின் தடிப்பு சில இடங்களில் 8 மீட்டர், சில இடங்களில் 27 மீட்டர் வரை. அதன் மேல் 45 முதல் 100 மீட்டர் வரை மண்ணும் மணற்கல்லும் மூடியிருக்கின்றன. கரியில் ஏறக்குறைய பாதி எடை ஈரம். ஒரு கிலோவை எரித்தால் 2400 முதல் 2900 கிலோகலோரி வரை வெப்பம் கிடைக்கும். நல்ல கருநிலக்கரி தருவதில் இது ஏறத்தாழ பாதி. சாம்பல் குறைவு என்பது இதன் சிறப்பு. வெளியே குவித்து வைத்தால் காய்ந்து, உதிர்ந்து, தானாகவே தீப்பற்றிக்கொள்ளும் இயல்பும் உண்டு. நீரைப் பாதியாகச் சுமந்த கரியை ரயிலேற்றித் தொலைவுக்கு அனுப்புவது வீண்செலவு. ஆகவே சுரங்க வாயிலிலேயே மின் நிலையம் வைத்தாக வேண்டும். நெய்வேலி என்ற நகரம் அந்த இடத்தில் எழுந்ததற்கு இதுதான் காரணம்.

கிணறுகள்

இந்தப் பகுதியில் பழுப்பு நிலக்கரி முதலில் தென்பட்டது நெய்வேலியில் அல்ல. 1884இல் பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த பாகூரில் ஆர்ட்டீசியன் கிணறு துளைத்தபோது கரி வெளிவந்தது. வணிகத்துக்கு உதவும் என்று அப்போது யாரும் அதை மேற்கொண்டு தொடரவில்லை.

ஆர்ட்டீசியன் கிணறு என்பது துளை போட்டால் இறைக்காமலே நீர் பொங்கி வழியும் கிணறு. கடலூர் மணற்கல் அடுக்குகள் மேற்கே மேடாக வெளியில் தெரிகின்றன. அங்கிருந்து கிழக்கும் தென்கிழக்குமாக மெல்லச் சரிந்து கடலை நோக்கி ஆழத்துக்குப் போகின்றன. மேட்டில் பெய்த மழை மணலுக்குள் இறங்கி, சரிவில் வழிந்து, களிமண்ணுக்கும் கரிக்கும் அடியில் அடைபடுகிறது. மேல்நோக்கி வர வழியில்லை. பின்னாலிருந்து நீர் அழுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த மூடியில் துளை விழுந்தால் நீர் சீறிக்கொண்டு வரும்.

1930களின் நடுவில் நெய்வேலியில் தி. மா. ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் போட்ட கிணற்றில் இப்படித்தான் நீர் வந்தது. அதோடு கறுத்த துகள்களும் வந்தன. கறுத்த மண் என்று ஒதுக்காமல் அதை ஆராய்ச்சிக்கு அனுப்பினார் என்பதே அவரை வரலாற்றில் நிறுத்துகிறது. பின்னாளில் 620 ஏக்கருக்கு மேல் தம் நிலத்தைத் திட்டத்துக்குக் கொடுத்தார். அவரைக் கண்டுபிடிப்பாளர் என்று அழைப்பது பொருத்தமா என்று நிலவியலாளர் ஒருவர் கேட்கக்கூடும். துளையிட்டுத் தேடியவர்கள் பலர் பின்னால் வந்தார்கள். ஆனால் தேட வேண்டிய இடம் இது என்று அவர்களுக்குத் தெரிந்தது அந்தக் கிணற்றால்தான். ஆகவே அந்தப் பெயர் அவருக்குத் தகும் என்பதே இக்கட்டுரையின் எண்ணம்.

1941இல் பின்னி நிறுவனம் அசீஸ் நகர் அருகே சில துளைகள் போட்டுப் பார்த்தது. 1943 முதல் 1946 வரை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை துளையிட்டது; 50 கோடி டன் அளவுக்குக் கரி இருக்கலாம் என்று அது கணித்தது. போர்க்காலத்தில் அரசுக்கு இந்த அக்கறை வந்ததில் வியப்பில்லை. சென்னை மாகாணத்துக்கென்று நிலக்கரி கிடையாது. வங்கத்திலிருந்தும் சிங்கரேணியிலிருந்தும் ரயிலிலோ கப்பலிலோ வர வேண்டும். போர் வந்ததும் ரயில் பெட்டியும் கப்பலும் கிடைக்கவில்லை. பைக்காராவும் மேட்டூரும் தந்த நீர்மின்சாரம் மழையை நம்பியது.

விடுதலைக்குப் பின் சென்னை அரசு சுரங்கப் பொறியாளர் எச். கே. கோஷ் என்பவரிடம் ஆய்வை ஒப்படைத்தது. 1949 முதல் 1951 வரை அவர் மேற்பார்வையில் 175 துளைகள் போடப்பட்டன. ஏறத்தாழ 100 சதுர மைல் பரப்பில் 200 கோடி டன் கரி உள்ளது என்று முடிவு வந்தது. பிறகு அமெரிக்க வல்லுநர் பால் ஐரிக் வந்து பார்த்தார். கொழும்புத் திட்டத்தின் கீழ் லண்டனைச் சேர்ந்த பவல் டஃப்ரின் நிறுவனம் திட்ட அறிக்கை தயாரித்தது. கரி எவ்வளவு என்பதில் இவர்களுக்கு ஐயமிருக்கவில்லை. தண்ணீரை வைத்துக்கொண்டு எப்படி வெட்டுவது என்பதே கேள்வி.

அடியிலிருந்து அழுத்தும் நீர்

இந்தச் சிக்கலை மாணவர்கள் ஒரு சிறு கணக்கால் புரிந்துகொள்ளலாம். நெய்வேலிக் கரிப்படிவத்தின் அடியிலுள்ள மணலில் நீர் மேல்நோக்கித் தள்ளும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ. அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 60 முதல் 80 டன். 60 முதல் 80 மீட்டர் உயர நீர்த்தூணின் எடைக்குச் சமம். மேலே 60 மீட்டர் மண் மூடியிருந்தால், கனமீட்டருக்கு 2 டன் என்று வைத்தாலும், அதன் சுமை சதுர மீட்டருக்கு 120 டன். மண் இருக்கும் வரை நீர் அடங்கிக் கிடக்கும். மண்ணை அகற்றிவிட்டால்? மிச்சமிருப்பது 15 மீட்டர் கரி. அதன் எடை சதுர மீட்டருக்கு 18 டன் அளவுதான். 60 டன்னுக்கு மேல் தள்ளும் நீரின் முன் 18 டன் என்ன செய்யும்? சுரங்கத்தின் தரை வீங்கி வெடிக்கும், சுரங்கம் ஏரியாகிவிடும்.

வழி ஒன்றுதான். கரியை வெட்டுமுன், சுரங்கத்தைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகளை வரிசையாகப் போட்டு, அடியிலுள்ள நீரை இடைவிடாமல் இறைத்து, அழுத்தத்தைப் படிவத்தின் அடிமட்டத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். நீர்மட்டம் அந்த இடத்தில் ஒரு பெரிய புனல் போலக் குழியும். இறைப்பது நின்றால் குழிந்த நீர் மீண்டும் ஏறிவிடும். சுரங்கம் இயங்கும் ஒவ்வொரு நாளும், இரவும் பகலும், மழையிலும் வெயிலிலும் பம்புகள் ஓடியாக வேண்டும். மின்சாரம் எடுக்கத் தோண்டிய சுரங்கம் தன்னைக் காத்துக்கொள்ளவே மின்சாரம் செலவழிக்க வேண்டியிருந்தது.

இந்த முறை நெய்வேலியில் முளைத்தது அல்ல. ஜெர்மனியின் ரைன்லாந்தில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும் நிலத்தடி நீரை இறைத்தே நடக்கின்றன. நெய்வேலியின் சக்கர வாளி அகழ்விகளும் ஜெர்மானிய வகையைச் சேர்ந்தவையே. ஆனால் ஐரோப்பாவின் மென்மையான மண்ணுக்குப் பழகிய இயந்திரங்கள் கடலூர் மணற்கல்லிடம் திணறின. சிலிக்காத் துகள்கள் வாளியின் பற்களைத் தேய்த்துத் தள்ளின. கெட்டிப் பாறை வந்தால் வெடிவைத்துத் தளர்த்திய பிறகே வெட்ட முடிந்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் களிமண் குழைந்து வாளியிலும் கடத்துப்பட்டையிலும் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. நெய்வேலியின் முதல் தலைமுறைத் தொழிலாளர்கள் கற்றுக்கொண்ட பாடங்களில் பல எந்த ஜெர்மன் கையேட்டிலும் இல்லாதவை.

நிறுவனம்

நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் 1956 நவம்பர் 14 அன்று பதிவு செய்யப்பட்டது. அப்போது காமராசர் முதலமைச்சர். திட்டத்துக்காக மத்திய அரசிடம் அவர் விடாமல் வற்புறுத்தினார். 1957 மே 20 அன்று சுரங்க வேலையைப் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். கரி கண்ணுக்குத் தெரிய நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அதுவரை அகற்றியதெல்லாம் வெறும் மண். 1961 ஆகஸ்டில் கரிப்படிவம் வெளிப்பட்டது. சோவியத் நாட்டின் உதவியோடு கட்டிய அனல் மின் நிலையத்தின் முதல் அலகு 1962இல் இயங்கத் தொடங்கியது. 1970இல் அந்நிலையம் 600 மெகாவாட் திறனை எட்டியது. இந்த முதல் நிலையம் 2020 செப்டம்பரில் மூடப்பட்டது. நிறுவனத்தின் பெயர் 2016இல் என்.எல்.சி. இந்தியா லிமிடெட் என்று மாறியது.

கரியை மட்டும் எடுக்கவில்லை. யூரியா உரம் செய்தார்கள். மேல்மண்ணிலிருந்து வெள்ளைக் களிமண்ணைக் கழுவிப் பிரித்தார்கள். பழுப்பு நிலக்கரியை அழுத்திச் சுட்டு, லெக்கோ என்ற பெயரில் வீட்டு அடுப்புக்குக் கட்டிகளாக விற்றார்கள். எரிவாயு உருளை பரவுமுன் சென்னையில் வாழ்ந்த முதியவர்களைக் கேட்டால் லெக்கோ அடுப்பைப் பற்றிச் சொல்வார்கள். நெய்வேலிக்குப் பக்கத்து ஊரான வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய அணையா அடுப்பு விறகில் எரிந்துகொண்டிருந்தபோது, அவ்வட்டாரத்து மண்ணுக்கடியில் இவ்வளவு எரிபொருள் கிடந்தது என்பதும் நினைக்கத்தக்கது.

இழந்தவை

சுரங்கத்துக்கு நிலம் வேண்டும். நெய்வேலி என்ற பழைய ஊரே இன்று இல்லை. பெயர் மட்டும் அளவெடுத்துக் கட்டிய நகரியத்துக்குப் போய்விட்டது. 1950களில் நிலம் கொடுத்தவர்களில் பலர் முந்திரித் தோப்பையும் மானாவாரிப் புன்செய்யையும் கொடுத்தவர்கள். நாட்டுக்கு மின்சாரம், வீட்டுக்கு ஒரு வேலை என்ற நம்பிக்கை அப்போது இருந்தது. வேலை எல்லோருக்கும் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களிலும் ஒப்பந்தத் தொழிலாளர்களாகவே பல்லாண்டு கழித்தவர் ஏராளம். நிரந்தரமாக்கக் கோரும் போராட்டங்கள் நெய்வேலியின் வரலாற்றில் ஓயாமல் வருகின்றன.

நீர் இழப்பு இவ்வளவு வெளிப்படையானது அல்ல. இறைக்கத் தொடங்கியபின் சுற்றுவட்டாரத்தில் தானாகப் பொங்கிய கிணறுகள் ஒவ்வொன்றாக அடங்கின. நீர்மட்டம் கீழே போகப் போக உழவர்கள் மேலும் ஆழமாகத் துளைத்து, மேலும் பெரிய மோட்டார் வைத்தார்கள். நேர்மையாகச் சொன்னால் எல்லாப் பழியும் சுரங்கத்தின்மேல் விழாது. அதே மணலடுக்கிலிருந்து ஆயிரக்கணக்கான பாசனக் கிணறுகளும் இறைக்கின்றன. சுரங்கம் வெளியேற்றும் நீர் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாகக் கீழே உள்ள வயல்களுக்குப் பாய்கிறது என்பதும் உண்மை. ஆனால் ஏரி நீர் கிடைப்பவர் ஒருவர், கிணறு வற்றியவர் வேறொருவர். ஒருவரின் வரவைக் காட்டி மற்றவரின் செலவை நேர் செய்ய முடியாது. அடுக்குகள் கடலை நோக்கிச் சரிவதால், நன்னீரின் அழுத்தம் குறையக் குறையக் கரையோரத்தில் உப்புநீர் உள்ளே வரலாம் என்ற அச்சமும் இருக்கிறது.

சிதம்பரத்தை நோக்கி

மேற்கே வெளியில் தெரியும் கடலூர் மணற்கல், சிதம்பரத்தை நோக்கிப் போனால் கண்ணில் படாது. சேத்தியாத்தோப்பு, புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் எல்லாம் வெள்ளாறும் கொள்ளிடமும் பரப்பிய வண்டலின்மேல் இருக்கின்றன. அந்த வண்டலுக்கு அடியில் மணற்கல்லும் கரியும் தொடர்கின்றன. நிலவியல் வரைபடத்தில் இது ஒரு கோட்டின் நீட்சி. நிலத்தில் நடப்பவருக்கோ இது முந்திரிக் காட்டிலிருந்து நஞ்சைக்கு, வீராணம் ஏரிப் பாசனத்துக்குள் நுழைவது. நிலத்தின் மதிப்பும், அதை விடமாட்டேன் என்ற உறுதியும் இங்கே வேறு.

தமிழ்நாடு அரசு 2020இல் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டத்தை இயற்றியபோது, கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்களை அதில் சேர்த்தது. 2023 மார்ச்சில் மத்திய அரசு ஏலத்துக்கு அறிவித்த நிலக்கரித் தொகுதிகளின் பட்டியலில் சேத்தியாத்தோப்புக் கிழக்கும் இருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் அதுவும், காவிரிப் படுகையிலிருந்த வேறு இரண்டு தொகுதிகளும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

அதே ஆண்டு ஜூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, நெற்பயிர் நின்ற வயல்களில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. சுரங்கம் முன்னேறும் வழியில் ஆறு குறுக்கே ஓடுகிறது. ஆற்றை நகர்த்தாமல் கரியை எடுக்க முடியாது. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது, பயிரிட்டிருக்கக் கூடாது என்றது நிறுவனம். நிலம் உங்களுடையதாகவே இருக்கட்டும், அறுவடை வரை பொறுக்கக் கூடாதா என்றார்கள் உழவர்கள். கதிர் வரும் பருவத்துப் பயிர் மண்ணுக்குள் போகும் காட்சி தொலைக்காட்சியில் வந்தபோது, நெய்வேலியை அதுவரை மின்சாரத்தோடு மட்டும் சேர்த்து நினைத்த பலர் அதிர்ந்தார்கள். அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த ஆண்டு ஜனவரியில் ஜெர்மனியின் ரைன்லாந்தில், கார்ட்ஸ்வைலர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காக லுட்சராட் என்ற சிற்றூரைக் காவல்துறை காலி செய்திருந்தது.

வளையமாதேவிக்குக் கிழக்கேயும் தெற்கேயும் படுகை இன்னும் ஆழத்துக்கு இறங்குகிறது. ஆழம் கூடக் கூட ஒரு டன் கரிக்கு அகற்ற வேண்டிய மண் கூடும். கடலை நெருங்க நெருங்க இறைப்பின் கேடும் கூடும். கால்வாய் வெட்டப்பட்டுப் பரவனாறு இடம் மாறிவிட்டது. சுரங்கத்தைச் சுற்றிய ஆழ்துளைக் கிணறுகளில் பம்புகள் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன.